மாமாவின் இரத்தத்தில் கண்டது

அட்டாளைச்சேனை
4.2.1981

அன்பு மச்சி நதீராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வாப்பாவின் கழுத்தில் நெறி கட்டியிருந்ததால் மட்டக்களப்புக்குக் கூட்டிப்போய் இரத்தம் சோதித்தோம். தாளில் ‘லுகீமியா’ என்று எழுதித் தந்தார்கள். சாய்ந்தமருது றம்லா டீச்சர் இதே நோயில் ஒரு மாதத்துக்குள் மௌத்தானது உனக்குத் தெரியும். உம்மாவின் கண் காயவில்லை. “நான் கண்ண மூட முந்தி உங்கட நிகாஹ்வப் பாத்திரணும்” என்கிறார் வாப்பா. உன் வீட்டாரும் சம்மதித்து மார்ச்சில் நம் கல்யாணத்துக்கு நாள் வைத்துவிட்டார்கள். அதே மாதம்தான் உன் நோயியல் பரீட்சை. இந்த முறை அதை விட்டுவிட்டு வருவாயா?

உன் மச்சான்,
அப்துல் ஸமட்


பேராதனை
9.2.1981

அன்புள்ள மச்சானுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

விடுதியில் யாருக்கும் தெரியாமல் அழுதேன். என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றி வயலுக்குக் கூட்டிப்போன மாமா அல்லவா. பிறகு முகம் கழுவிக்கொண்டு புத்தகத்தை எடுத்தேன்.

லுகீமியா ஒரே நோயின் பெயர் அல்ல. இரத்தத்தில் பெருகியிருக்கும் வெள்ளைக் கலங்கள், அதாவது வெள்ளணுக்கள், பிஞ்சுகளா, முற்றியவையா என்று முதலில் பார்ப்போம். பிறகு, அவை எந்தக் குடும்பம் என்று. பிஞ்சுகள் என்றால் நோய் வேகமாய் ஓடி ஆளைக் கொண்டுபோகும். றம்லா டீச்சருக்குப் பல்முரசில் இரத்தம் கசிந்ததும், காய்ச்சல் விடாததும் அப்படித்தான் இருக்க வேண்டும். முற்றியவை என்றால் பெரும்பாலும் ஊர்ந்துதான் போகும். அதிலே மண்ணீரல் பெரிதாய் வீங்கும் வகை ஒன்று. வயதானவர்களுக்குக் கழுத்தில் நெறி கட்டும் வகை இன்னொன்று.

மாமாவுக்கு எதுவென்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். இரத்தம் பூசிய கண்ணாடித்துண்டைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள். மாமாவுக்குக் காய்ச்சல் இருக்கிறதா? வெளிறிப் போயிருக்கிறாரா?

நதீரா


அட்டாளைச்சேனை
14.2.1981

அன்பு மச்சி,

காய்ச்சல் இல்லை, வெளிறவும் இல்லை. கண்ணாடித்துண்டை, பேராதனைப் பக்கம் வரும் றஸாக் காக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன், பத்திரம்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. “படிப்ப விட மனமில்லாமத்தான் நதீரா இப்படிக் கதைக்காள்” என்றா றாஹிலா சாச்சி. எனக்கும் ஒரு கணம் அப்படித் தோன்றியது. உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை.

உன் மச்சான்,
ஸமட்


பேராதனை
20.2.1981

மச்சானுக்கு,

சாச்சி சொன்னதற்குக் கோபமில்லை. நீங்கள் நினைத்ததற்குத்தான் கொஞ்சம். ஆனால், அதே பயம் எனக்கும் இருந்தது. நான் விரும்புவதையே என் கண் காணுமோ என்று, யாருடையதென்று சொல்லாமல் சிநேகிதி சிவகாமியை முதலில் பார்க்க வைத்தேன். “நாட்பட்டது, நிணநீர்க் கலங்கள்” என்றாள். பிறகு நான் பார்த்தேன். சின்னச் சின்ன முற்றிய கலங்கள், இடையிடையே நசுங்கிப்போனவை. பிஞ்சு தேடினேன், அகப்படவில்லை. பேராசிரியரும் பார்த்து அதையே சொல்லி, மட்டக்களப்பு டாக்டருக்குக் கடிதம் எழுதினார்.

முழுதாய்க் குணமாகிவிடும் நோயல்ல, மச்சான். ஆனால் மாமாவின் நிலையில் இப்போது மருந்தே தேவைப்படாமல் இருக்கலாம். இடைக்கிடை இரத்தம் பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இப்படிப் பல வருடம் வாழ்பவர்கள் உண்டு. ஆயுள் அல்லாஹ்விடம்.

மற்ற வகையாக இருந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திராது. நானே பஸ் ஏறியிருப்பேன்.

நதீரா


அட்டாளைச்சேனை
27.2.1981

என் நதீராவுக்கு,

வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அப்ப நான் இப்ப மௌத்தாகலியா?” என்றார். “இப்ப இல்ல, வாப்பா” என்றேன். பிறகு, ஆணத்துக்கு உப்புப் பத்தாதென்று உம்மாவோடு சண்டைக்குப் போனார். இத்தனை நாளும் எதைப் போட்டாலும் வாய் திறக்காமல் தின்ற மனிசன். உம்மா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் குசினிக்குள் போய்விட்டா.

நேற்று பள்ளிவாசல் லெப்பையிடம் போய் மார்ச்சில் வைத்த நிகாஹ்வை நிறுத்திவிட்டேன். “பொம்புளப் புள்ளதான் மாட்டன் எண்டதா?” என்று கேட்டார். பக்கத்தில் சாச்சியும் நின்றா. “இல்ல, நான்தான் இப்ப வேணாம் எண்ட. அவ பரீட்சை எழுதட்டும்” என்று சாச்சிக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். “ஓம், புள்ள படிக்கட்டும்” என்று வீட்டில் வாப்பாவும் சொல்லிவிட்டார்.

இனி ஊர் என்னைத்தான் ஏசும். ஏசட்டும். நீ பிஸ்மில்லாஹ் சொல்லிப் பேனையை எடு.

உன்
ஸமட்