கடலடி வரை போகும் மிச்சம்

ஆற்றுச் சேற்றை அள்ளியே எங்களை வளர்த்த என் அப்பாவுக்கு,

சாப்பிட்டீர்களா என்று எழுதப் போய்விட்டேன். பாருங்கள், பழக்கம் விடவில்லை. நீங்கள் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தம்பி சங்கர் லீவு முடிந்து வேலைக்குப் போகிறான். அம்மா சமைக்கிறாள், பக்கத்து வீட்டு வங்காள அண்ணி பௌதியோடு பால்கனியில் நின்று பேசுகிறாள். என்னிடம் மட்டும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. காரணம் நான்தான். உங்களிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் கண்ணை மூடியபோது நான் வங்கக் கடலின் நடுவே ஆராய்ச்சிக் கப்பலில் இருந்தேன். ஒயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. உடனே திரும்ப வழியில்லை. காடாற்றிய கையோடு அஸ்தியைக் கரைப்பதுதான் நம் வழக்கம். "கோமதி வரட்டும், அதுவரைக்கும் இருக்கட்டும்" என்று அம்மா ஒரே பிடியாக நின்றாளாம்.

நான் வந்த மறுநாள் காலையில் மூவரும் படகு பிடித்தோம். ஹூக்ளி ஆறு கலங்கிப் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. சங்கர் பானையைச் சாய்த்தான். பிண்டச் சோறும் சாமந்தியும் சாம்பலோடு தண்ணீரில் விரிந்தன. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஒங்கப்பா நீ போற கடலுக்குத்தாம்ட்டி போறாவ. இனி கப்பல்ல ஒனக்கும் ஒரு தொணை."

தலையை ஆட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆய்வகத்தில் யாராவது தப்பாகச் சொன்னால் திருத்துவேனே, அதே குரலில் ஆரம்பித்துவிட்டேன். "அங்க வரைக்கும் போறது கஷ்டம்மா. சாம்பல் பாதி இங்கயே வண்டலோட படிஞ்சிரும். அப்பா ஆபீஸ்காரங்களே தூர்வாரி அள்ளிருவாங்க. சோறு, பூவெல்லாம் வழியிலயே கிருமி தின்னுரும்."

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். "வாய மூடுக்கா" என்றான் சங்கர். படகுக்காரருக்குத் தமிழ் தெரியாது, அது ஒன்றுதான் ஆறுதல். அழுகை முட்டிக்கொண்டு வரும்போது படித்ததை ஒப்பிக்கிற இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது அப்பா?

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் வேலையை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். கடலின் மேல்மட்டத்தில் செத்த பாசித் துணுக்கும் சின்ன உயிர்களின் கழிவும் ஒன்றோடொன்று ஒட்டி, தூசி தூசியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தத் தூசியின் மேல் பாக்டீரியா கூட்டமாகக் குடியேறித் தின்னும். வெயிலே படாத ஆழத்தில் கிடக்கும் உயிர்களுக்கு, இவை தின்றதுபோக வருகிற மிச்சம்தான் சாப்பாடு. எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பதே என் பிழைப்பு.

"ஒம் மக கடலுக்குள்ள பந்தி விசாரிக்கா. எவன் எவ்வளவு தின்னாம்னு எட்டிப் பாக்கா" என்று சாப்பிடும்போது அம்மாவிடம் கேலி பேசுவீர்கள். அம்மாவுக்கு என் வேலை உங்கள் வாய்வழியாகத்தான் தெரியும். பௌதி கேட்டால் வங்காளத்தில் விளக்குவேன், மேடையில் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவேன். பெற்றவளிடம் நம் தமிழில் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, கரியாஹாட் சந்தையில் வாங்கி வந்த கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"ஏட்டி, எல்லாத்தையுமா தின்னுரும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. படகில் நான் சொன்ன கிருமியைக் கேட்கிறாள் என்று புரிந்ததும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எல்லாம் இல்லம்மா. கொஞ்சம் தப்பிரும்."

"எப்படித் தப்பும்?"

"ஆத்து வண்டல் கடலுக்குள்ள போகுதுல்லா, அது அந்தத் தூசியில ஒட்டிக்கிட்டா கனமாயிரும். வெரசா எறங்கும். கிருமி தின்னு முடிக்கதுக்குள்ள கொஞ்சம் அடிவரைக்கும் போய்ச் சேந்துரும்மா."

"அங்க என்ன இருக்கு?"

"புழு பூச்சி, சின்னச் சின்ன உசுரு. மேலேருந்து வாறத நம்பித்தான் கெடக்கும்."

அம்மா நாலைந்து தண்டைக் கிள்ளிப் போட்டாள். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"இது ஒனக்கு அன்னைக்கும் தெரியும்லா?"

"தெரியும்மா."

"பொறவு ஏம்ட்டி தின்னுரும்ங்கத மட்டும் சொன்ன?"

அவள் கேட்டது சரிதான் அப்பா. பொய் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லையே. அம்மாவைத் தேற்றுவதற்கும் உண்மையே போதுமானதாக இருந்தது. அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அவளைக் குத்துகிற பாதியை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

மழைக்காலம் முடிந்ததும் அடுத்த கப்பல். ஏறுவதற்கு முன் அம்மாவை ஆய்வகத்துக்கு அழைத்துப் போவேன். அவள் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, மைக்ராஸ்கோப்பில் அந்தத் தூசியைக் காட்டுவேன். அவள் கேட்பதற்கெல்லாம் நானே பதில் சொல்வேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இனிமேலாவது அம்மாவுக்கும் மகளாக இருக்கப்போகிற,
உங்கள் மூத்தவள்,
கோமதி