அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று எட்டாம் வகுப்பில் ‘கீப் அன் ஐ ஆன்’ என்ற ஆங்கிலத் தொடரை நடத்தினேன். கண் வைப்பது அல்ல, கவனமாகப் பார்த்துக்கொள்வது என்று விளக்கிவிட்டு, ஆளுக்கொரு வாக்கியம் கேட்டேன். ஆடு, அடுப்பில் பால் என்று வந்தது.

கவிதா எழுந்தாள். பீங்கான் சூளை மூடியதிலிருந்து அவள் அப்பா வீட்டில்தான் இருக்கிறார்.

“ஐ கீப் அன் ஐ ஆன் மை ஃபாதர்.”

“அப்பாவை எதுக்கும்மா?” சிரித்துக்கொண்டே கேட்டேன்.

“கெணத்துப் பக்கம் தனியா போவாம பாத்துக்கன்னு அம்மா சொல்லியிருக்குது மிஸ்.”

சரியாகச் சொன்னால் கைதட்டுவது எங்கள் வகுப்பு வழக்கம். பிள்ளைகள் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவள் ஸ்கூலில் இருக்கும்போது அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அடுத்தது யார் என்றுதான் கேட்டேன்.