தட்டில் மிஞ்சிய போல்ட்

செவ்வாய், இரவு பதினொன்று.

மாலையில் முருகேசன் தன் பைக்கை என் மீஞ்சூர் மெக்கானிக் கடைக்குக் கொண்டுவந்தார். பிரேக் பிடித்தால் லிவர் விரலை உதைத்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தேன், பிரேக் டிஸ்க் வளைந்திருந்தது. புதிது மாட்டிக் கொடுத்தேன். கடை சாத்தும்போது டிஸ்க்கைப் பிடிக்கும் போல்ட் ஒன்று தட்டில் கிடந்தது. மற்றவற்றை முழுக்க முறுக்கினேனா, நினைவில்லை.

போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். "போனை ஊட்லயே வெச்சிட்டு நைட் ஷிப்டுக்குப் போய்ட்டாருண்ணா. பிரேக்கு இப்போ சூப்பரா பிடிக்குதுன்னாரு."

கும்மிடிப்பூண்டியில் அவர் வேலை செய்யும் கம்பெனிக்கு விரைந்தேன். கம்பெனி வாட்ச்மேன், "உள்ளதான் கீறாரு. ஆறு மணிக்கு வருவாரு. உன்ன உள்ள உட முடியாது" என்றார். வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். கொட்டாவி விட்டார்.

எதிர் டீக்கடையில் காத்திருக்கிறேன். கம்பெனிக்குப் பின்பக்கமும் ஒரு கேட் இருக்கிறதாம். டீக்கடைக்காரர் இப்போதுதான் சொல்கிறார்.