சாம்பிள் ரேட்

12-11-98, வியாழன்

மக கவிதா பாடுறதைக் கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வெக்கோணும்னு இன்னைக்குக் கோயமுத்தூர் போய் சவுண்ட் கார்டு பார்த்தேன். தை மாசம் கல்யாணமாகிப் போயிட்டா அந்தக் குரல் இந்த ஊட்டுல கேக்காது.

கடைக்காரர் மூவாயிரம்னார். டப்பாவைத் திருப்பினா ‘சாம்பிள் ரேட் 44,100’னு போட்டிருக்கு. இருபது வருசமா பனியன் கம்பெனியில, சரக்கு வாங்கற வெளிநாட்டு பையருக்குச் சாம்பிள் அனுப்பறவன் நான். சாம்பிளுக்கு ரேட் கூடத்தான் இருக்கும். அதுக்காக நாப்பத்தி நாலாயிரம் எங்கே, மூவாயிரம் எங்கே? ஒண்ணு திருட்டுச் சரக்கு, இல்லாட்டி பழுதுன்னு கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ். "அப்பறம் வர்றேனுங்க"ன்னு கிளம்பிட்டேன்.

ஊட்டுக்கு வந்து சொன்னா கவிதா விழுந்து விழுந்து சிரிக்கறா. "அது வெலை இல்லீங்கப்பா. பாடறப்ப ஒரு செகண்டுக்கு நாப்பத்தி நாலாயிரத்து நூறு தடவை குரலைச் சாம்பிள் எடுக்குமுங்க."

அப்பவும் நான் நம்பலை. படுத்த பிறகுதான் உறைச்சுது. எந்த பையரும் ஒரு ஆர்டருக்கு நாலு சாம்பிளுக்கு மேல கேட்டதில்லை. இந்தக் கார்டு செகண்டுக்கு நாப்பத்தி நாலாயிரம் கேக்குதுன்னா, என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி. இதை நம்பலாம். காலையில முதல் பஸ்ஸுக்கே போய் வாங்கோணும்.

அந்த ஆளு இன்னைக்குச் சொன்ன வெலையையே நாளைக்கும் சொல்வானான்னுதான் தெரியலை.