மாலைக்கு அடியில் இருந்த பாசி

ஜேடர்பாளையம்

அன்பு மகன் குணசீலனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நியூசிலாந்தில் நீயும் மருமகள் தனப்பிரியாவும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே நான் சௌக்கியம். உன் அம்மா சௌக்கியமாக இல்லை, அதற்குக் காரணம் நீ, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் எனக்குச் சத்தம் ஏறிவிடும், அடுக்களையில் இருக்கிறவளுக்குக் கேட்டுவிடும். ஆகவே காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். முழுதும் படி, பாதியில் மூடி வைக்கிற வேலை வேண்டாம்.

ஆயுத பூஜைக்கு உன் பாய்மரப் படகுக்கும் மாலை போடச் சொன்னது உன் அம்மாதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. இங்கே டிராக்டருக்கும் ஆற்று மோட்டாருக்கும் தன் கையால் அரளி கட்டிப் போட்டுவிட்டு உன்னை வீடியோவில் கூப்பிட்டாள். சாமி, உம்பட படகு இஞ்சினுக்கும் ஒரு மாலை போட்டுடு கண்ணு, மறுநாள் அதக் குப்பையில போட்றாத, கால் படாத எடமாப் பாத்துத் தண்ணியில உட்டுரு என்றாள். நீயும் இந்தியக் கடையில் செண்டுமல்லி மாலை வாங்கிப் போட்டாய், சந்தோஷம். மறுநாள் படகு கட்டியிருந்த இடத்திலேயே, படகை ஒட்டியே அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு அந்த நிமிஷமே இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பியிருக்கிறாய். இஞ்சின் சூடாகாமல் இருக்கப் படகின் அடியில் இருக்கிற ஓட்டை வழியாகக் கடல் தண்ணீரை இழுக்கும் என்று போன வருஷம் எங்களுக்குக் காட்டியவன் நீ. பாரும்மா, அடியில குடிச்சுப் பின்னாடி துப்புது என்று சொல்லிச் சிரித்தாயே, அந்த ஓட்டையின் வாயிலேயே மாலையைப் போட்டது யார்? அம்மாவா விமானம் ஏறி வந்து போட்டாள்? காற்று இல்லாமல் பாய் தொங்கிக் கிடக்க, இஞ்சின் கொதித்து ஆவி அடித்து நின்றுபோய், பாறைக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு நீங்கள் மிதந்ததையும் வேறு படகுக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்ததையும் கேட்டு எனக்கும் ஈரக்குலை நடுங்கிவிட்டது. பிழைத்து வந்தீர்கள், மாரியம்மன் புண்ணியம். அத்தோடு விட்டிருக்கலாம். கரைக்கு வந்ததும், இழுக்கிற தண்ணீரோடு குப்பை இஞ்சினுக்குப் போகாமல் தடுக்கிற வடிகட்டியைத் திறந்து படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பி, பாரும்மா உன்னோட மாலை எங்க மூணு பேரையும் கொன்னிருக்கும் என்று எழுதினாயே, உனக்கு எப்படிடா மனசு வந்தது?

அன்றிலிருந்து அவள் பூவைத் தொடவில்லை. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே பூ இல்லாத தலையோடு நடமாடுகிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்கு மாலை கட்டுகிறவள் போன வெள்ளிக்கிழமை போகவில்லை. கோவில் வாசல் பெருக்குகிற பழனியம்மாள் வீட்டுக்கே வந்து கேட்டதற்கு, எங் கை ராசியில்லாத கை அக்கா, எம்பட பேத்தியவே தண்ணியில தள்ளப் பாத்துச்சு, நீ வேற ஆரையாச்சும் கட்டச் சொல்லு என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வாசலில் அரளி பூத்துப் பூத்து உதிர்கிறது. அதைப் பெருக்கித் தள்ளுகிறவன் நான். சோறு இறங்குவதில்லை, கேட்டால் பசியில்லை என்கிறாள்.

நேற்று அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் அவள் போனை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே பூவிதழ் ஒரு விரல்கடைக்கு இருக்கிறது. அதற்குக் கீழே என்னடா? கரும்பாசி, சேறு, சல்லடைக் கண்ணை அடைத்துக்கொண்டு குட்டிக் குட்டிச் சிப்பி. சிப்பி என்ன அன்றைக்குக் காலையில்தான் குடிவந்ததா? மாதக்கணக்கில் அதை நீ திறந்துகூடப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த கொஞ்ச வழியைத்தான் பூ அடைத்தது. உடனே தனப்பிரியாவைக் கூப்பிட்டேன். பயந்து பயந்துதான் சொன்னாள், அதற்காக அவளைத் திட்டினாயானால் தெரியும் சேதி. சூடு ஏறுனாக் கத்தற மணி முன்னாலயே ரெண்டு மூணு தடவ கத்துச்சுங் மாமா, பாப்பா முழிச்சுக்குதுன்னு ஒயரக் கழட்டி உட்டுட்டாருங்க என்றாள். குழந்தை தூங்கவேண்டும் என்று குழந்தையைக் காப்பாற்றுகிற மணியின் வாயை அடைத்திருக்கிறாய். உன்னை என்னவென்று சொல்ல! தெரியாமல் செய்திருந்தால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீ காவிரிக்கரையில் வளர்ந்தவன். மோட்டாரில் தண்ணீர் கொஞ்சம் இளைத்தால் போதும், அப்பா, குழாய் அடியில புட்வால்வுல பாசி அடச்சிருக்கு என்று சொல்லிக்கொண்டே, நான் வாய் திறக்கும் முன்னே ஆற்றில் குதித்து ஆகாயத்தாமரை வேரைப் பிய்த்து எறிந்துவிட்டு வருவாய். அந்தப் புத்தி எந்தக் கடலில் கரைந்தது?

சாயங்காலம் அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டி, பாசி, சிப்பி, கழற்றிவிட்ட ஒயர் எல்லாவற்றையும் சொன்னேன். நிம்மதியாக ஒரு மூச்சு விடுவாள் என்று பார்த்தேன். அவள் படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. ஏனுங்க, என்னையத் தேத்தறதுக்காவ அவன் மேல பழி போடாதீங்க, எம்பட பையன் எங்கிட்டப் பொய் பேச மாட்டானுங்க என்று சொல்லிவிட்டு வட்டிலைக் கழுவப் போய்விட்டாள். கேட்டாயா? எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது அப்போதுதான். நான் சொல்லி இனி ஆகாது. நீ சொன்னால் மட்டும்தான் அவள் நம்புவாள்.

முதல் வேலையாக அந்த ஒயரை மாட்டு. வடிகட்டியைக் கழற்றிச் சுத்தமாகக் கழுவு, கிளம்பும் முன் ஒவ்வொரு தடவையும் திறந்து பார். படகின் அடி ஓட்டையில் இருக்கிற வால்வு முழுதும் திறந்திருக்கிறதா என்று பார். கொதித்த சூட்டில் பம்புக்குள் சுற்றித் தண்ணீரை இழுக்கிற இம்பெல்லர் ரப்பர் கருகியிருக்கும், அதையும் மாற்று. ஸ்டார்ட் பண்ணினதும் பின்னால் எட்டிப் பார், தண்ணீர் துப்பாவிட்டால் அங்கேயே அணை. இத்தனையும் முடிகிறவரை பாப்பாவைப் படகில் ஏற்றக் கூடாது, ஏற்றினாய் என்று காதில் விழுந்தால் அப்புறம் என் வீட்டு வாசலை மிதிக்காதே. இதெல்லாம் இஞ்சினுக்குச் சொன்னது. அம்மாவைக் கூப்பிட்டு, தப்பு என்மேல்தான் என்று உன் வாயால் சொல். மாலையும் கொஞ்சம் காரணம் என்று இழுக்காதே. மணியைக் கழற்றியதையும் சொல். அவள் அழுவாள், திட்டுவாள், முடிகிறவரை போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிரு. எனக்குப் போன் பண்ணிச் சமாதானம் பேசவேண்டாம்.

வாழை தார் தள்ளியிருக்கிறது, ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. வேறு விசேஷம் இல்லை. எவ்வளவு கோபம் இருந்தாலும் நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்கவேண்டும். மாரியம்மன் கடலிலும் கூட இருக்கட்டும். பாப்பாவுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
கோபம் தணியாத உன் அப்பா
சின்னண்ணன்

மறந்துவிடாதே: நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. பூப்பறிக்கிற கூடையை உன் அம்மா கழுவிக் கவிழ்த்து உத்தரத்து ஆணியில் மாட்டிவிட்டாள். எனக்குக் கை எட்டும், ஆனால் நான் இறக்கித் தரப்போவதில்லை. அன்று விடிவதற்குள் நீ பேசு, அவளே இறக்கட்டும்.