இறக்கிப் பார்த்த மூட்டை

ஒண்டிப்புதூர்,
14-7-96

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை கோமளா வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இருக்கிறோம். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் நீங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் வேலைக்குப் போய்வர வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொள்கிறார். எப்போதும் அப்பா கட்டிலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், கடிதம் அப்பா பேரில்தான் வரும். இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தோம். "அன்புள்ள மகன் கிருபாசங்கருக்கு" என்று சொன்னவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு, எனக்கு வாய் வரமாட்டீங்குது கண்ணு, நீயே எழுதிப்போடு, நடந்தது பூராவும் எழுது, எழுதி முடிச்சு எனக்குப் படிச்சுக் காட்டு என்றார். அதனால் இது அப்பாவின் கடிதம்தான், வார்த்தைகள் மட்டும் என்னுடையவை. எட்டாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. தையல் பிரிந்ததா, கொக்கி நழுவியதா, வார் அறுந்ததா, உயரத்தில் விழாமல் பிடிக்க நான் அனுப்பிய பெல்ட்டால்தான் அப்பா கால் உடைந்து கிடக்கிறாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டிருந்தீர்கள். அதைப் படித்துக் காட்டியபோது அம்மா அழுதார். அப்பா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பூத்துக்குப் போய் போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்றுதான் அம்மா சொன்னார், ஆனால் வெளியே ஆட்கள் காத்து நிற்க, மீட்டர் ஓட ஓட, இதை எப்படிச் சொல்வது. அதனால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடுங்கள் அண்ணா. பெல்ட் அறுந்துபோகவில்லை. நான் தைக்கிறவள், ஒவ்வொரு தையலாக விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு நூல் பிரியவில்லை. கொக்கியும் வாரும் நீங்கள் அனுப்பியபடியே இருக்கின்றன. தப்பு நாங்கள் எடுத்த அளவில்தான் இருந்தது.

நீங்கள் அங்கிருந்து லீவில் வந்த சூலூர்க்காரரிடம் இரண்டு பெல்ட்டும் ஒரு கடிதமும் கொடுத்து அனுப்பினீர்களே, அதில் கூரைக்கு மேல் குறுக்கே கயிறு இழுத்துக் கட்டி அதில் பெல்ட் வாரின் நுனிக் கொக்கியை மாட்டிக்கொண்டு வேலை செய்யச் சொல்லியிருந்தீர்கள். அதற்கு முன்னால் ஒரு மூட்டையை அப்பா எடைக்கு நிரப்பி, பெல்ட்டின் வாரில் மாட்டி, மேலேயிருந்து தள்ளிவிட்டு, அது எவ்வளவு கீழே வந்து நிற்கிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். கயிறு வில் மாதிரி வளையும், வார் இழுபடும், அதற்கும் கீழே ஆளின் முதுகில் இருக்கும் பெல்ட் வளையத்திலிருந்து குதிகால் வரைக்கும் இடம் வேண்டும், அதற்கும் கீழே இன்னும் மூன்றடி சும்மா இருக்க வேண்டும், இவ்வளவும் கயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் அடங்காவிட்டால் பெல்ட்டை நம்பி ஏறாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அப்பாவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அப்போது அப்பாவின் ஆட்கள் ஒரு மில்லில் பழைய பஞ்சு குடோனின் கூரைக்கு சிமெண்ட் சீட்டு மாற்றும் வேலையைப் பிடித்திருந்தார்கள். மூட்டைக்கு, அப்பாவோடு வேலை செய்யும் நம் பக்கத்து வீட்டு அங்கப்பன் மாமா தங்கள் எருமைக்கு வாங்கி வைத்திருந்த பருத்திக்கொட்டை மூட்டையைக் கொண்டுவந்தார். பாவாத்தாள் அத்தையும் பின்னாலேயே வந்துவிட்டது. சாக்கு பழசுங்கண்ணா, மேலிருந்து தள்ளுனீங்கன்னா வாயப் பொளந்துரும், பொறவு எருமைக்கு நான் என்னத்த வெக்கறது, உங்க காப்பிக்குப் பாலுதான் எங்கிருந்து வரும் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அப்பா சிரித்துக்கொண்டு, அட தள்ளுனா என்ன, மெதுவா எறக்குனா என்ன, எடை எடைதான பாவாத்தா, உன்ற மூட்டைக்கு ஒண்ணும் ஆகாது போ என்றார். இரண்டு பேர் மூட்டையைக் கட்டிப்பிடித்து, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். கயிறு லேசாக வளைந்து நின்றது. அளவு எடுக்க என்னைக் கூட்டிப் போயிருந்தார்கள். என் தையல் டேப்பை வைத்து மூட்டையின் அடியிலிருந்து தரை வரைக்கும் அளந்தேன், நாலடி இருந்தது. நான் மெல்லச் சொன்னதை அப்பா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நாலடி இருக்குதுங்களா, அடியில பாய் போட்டு ஒரு தூக்கமே போடலாமுங்க என்று அங்கப்பன் மாமா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை அண்ணா. அப்பா சட்டை எல்லாம் நான் தைத்தவை, தோளிலிருந்து குதிகால் வரைக்கும் அவர் அளவு எனக்குத் தெரியும். அந்தச் சாக்கு அதைவிட ஒன்றரை அடி குட்டை. அதற்கு மேல் நீங்கள் தள்ளிவிடச் சொல்லி எழுதியிருந்தீர்கள், இவர்கள் இறக்கினார்கள். இரண்டையும் சொல்ல வாயெடுத்தேன். அத்தனை ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள், என்ன அம்மணி என்று எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று டேப்பை விரலில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அப்பா காலடியில் பழைய சீட்டு உடைந்தது. அங்கப்பன் மாமா கூடவே இருந்து பார்த்தவர், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நனைந்த கம்பளி போட்ட கொடி மாதிரி கயிறு கீழே இறங்கியதாம், அது இறங்கி முடிவதற்குள் அப்பா குதிகால் இரண்டும் தரையில் மோதிவிட்டன, அப்புறம் கயிறே அவரை ஒரு சாண் மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்ததாம். நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கயிற்றிலிருந்து தரைக்குப் பதினாறடி. வார் ஆறடி, விசையாக விழும்போது கயிறு வளைவது எப்படியும் ஐந்தடி, அப்பா முதுகு வளையத்திலிருந்து குதிகால் வரை கிட்டத்தட்ட ஐந்தடி. பதினாறும் அதிலேயே தீர்ந்துவிட்டது. வார் இழுபடுவதற்கும் இடமில்லை, நீங்கள் சொன்ன மூன்றடிக்கும் இடமில்லை. அப்படியும் பெல்ட் மட்டும் இல்லாவிட்டால் தலை முதலில் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆடி முடிந்து கட்டு அவிழ்ப்பார்கள், நடக்கலாம் என்கிறார், அதில் பயப்பட வேண்டாம்.

வெட்கப்பட வேண்டியது இதற்கு மேல்தான் இருக்கிறது. மில் மேனேஜர் ஓடிவந்து, ஏப்பா மேஸ்திரி, சோதிச்சுப் பார்த்துத்தான ஏறுன என்று கேட்டிருக்கிறார். ஆட்கள் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். அப்பா வலியோடு, பெல்ட்டு ஏமாத்திப்போட்டுதுங்க, பையன் அனுப்புன பெல்ட்டு என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்தான் அண்ணா. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார். சூலூர்க்காரர் லீவு முடிந்து திரும்பும்போது உங்கள் காதுக்கும் அதைத்தான் கொண்டுவந்திருக்கிறார். நான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா சொன்னதை ஆட்கள் அப்படியே நம்பினார்கள், அவர்தானே மேஸ்திரி. இன்னொரு பெல்ட்டை அங்கப்பன் மாமா வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். ஒருநாள் காலையில் பார்க்கிறேன், அதை எருமைக்கன்று கழுத்தில் மாட்டி, நீங்கள் கப்பலில் போட்டிருப்பீர்களே அதே மாதிரி மஞ்சள் வாரில், முளையில் கட்டியிருந்தார்கள். அந்த வார் சாணியில் புரண்டுகொண்டிருந்தது. உங்கள் முதல் போனஸில் வாங்கியது என்று எழுதியிருந்தீர்கள், எனக்கு அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது.

போன வாரத்துக்கு முந்தின வாரம் பாவாத்தாள் அத்தை ஜாக்கெட் வாங்க வந்தது. அடுத்த வேலை பெரிய ஷெட்டு அம்மணி, முப்பத்தஞ்சடி ஒசரமாம், இவரு பெல்ட்டுப் போடாமத்தான் ஏறுவேங்குறாரு, போட்டவரே உளுந்து கெடக்குறாரு, கையி காலாச்சும் வீசிக்கலாமுன்னு சொல்றாரு, அதுஞ் சரிதானுங்களே என்று கேட்டுக்கொண்டே ஊக்கு போட்டுப் பார்த்தது. அப்பா உள் அறையில் படுத்திருந்தார், கதவு திறந்திருந்தது. சரியில்லைங்க அத்தை என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தேன், ஆனால் அது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதால் மீதியும் வந்துவிட்டது. டேப்பை எடுத்துக் காட்டிச் சொன்னேன். குடோன் தாழ்வு, விழுந்தவர் நிற்க இடமில்லை, அதனால் அடிபட்டது. பெரிய ஷெட்டில் கயிறும் வாரும் ஆளும் எல்லாம் இறங்கி முடிந்த பிறகும் கீழே இடம் இருக்கும், அங்கேதான் பெல்ட் காப்பாற்றும், அங்கேதான் மாமா அது இல்லாமல் போகிறார். மூட்டையைத் தள்ளாமல் இறக்கியதையும் சொன்னேன். அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. என்ற சாக்குக்காகத்தான அம்மணி எறக்குனாங்க என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

உள்ளே அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அடிக்கப் போகிறார் என்றுகூட நினைத்தேன், எழுந்து நடக்க முடியாதவர் என்பது மறந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, பாவாத்தா, அங்கப்பனைச் சித்தெ வரச்சொல்லு என்றார். மாமா வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். அவரை உட்காரக்கூடச் சொல்லாமல், பெல்ட்டு மேல பழி போட்டது நாந்தான் அங்கப்பா, அது நல்லாத்தான் இருந்துச்சு, நான் சோதிச்ச லட்சணந்தான் சரியில்ல, பசங்க முன்னால சொல்ல வெக்கப்பட்டுப்போட்டேன் என்றார். அதற்கு மாமா, அப்ப என்னெய முப்பத்தஞ்சடியிலிருந்து உளுக வெக்கப் பாத்தீங்களாண்ணா, அந்தக் கன்னுக்குட்டிக்கு இருக்குற காவல்கூட எனக்கு வேண்டாமுன்னு என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்லை.

போன திங்கட்கிழமை பெரிய ஷெட்டில் அதே மூட்டையை மாட்டி மேலேயிருந்து உதைத்துத் தள்ளினார்கள். பாவாத்தாள் அத்தையே உதைங்க என்று சொன்னதாம். சாக்கு வெடித்துப் பருத்திக்கொட்டை ஷெட்டு முழுக்கச் சிதறிவிட்டது, வாட்ச்மேன் சத்தம் கேட்டு ஓடிவந்துவிட்டார், அத்தை சீமாறு வாங்கிக் கூட்டிக்கொண்டே இருந்ததாம். ஆனால் சாக்கு எதுவரைக்கும் இறங்கியது என்று பார்த்துவிட்டார்கள். அதற்குக் கீழே மாமாவின் உயரத்தையும் உங்கள் மூன்றடியையும் கழித்தும் நிறைய மிச்சம் இருந்ததாம். பெல்ட்டை சோப்புப் போட்டுக் கழுவி, வெயில் படாமல் நிழலில் காயவைத்து, முழுவதும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் மாட்டிக்கொண்டு ஏறினார். எருமைக்கன்றை இப்போது தேங்காய்க் கயிற்றில் கட்டியிருக்கிறார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார் அப்பா. குடோன் மாதிரி தாழ்ந்த கூரைக்கு என்ன செய்வது, வாரைக் குட்டையாக்கலாமா, கயிற்றைத் தலைக்கு மேல் கட்டலாமா, நடுவில் ஒரு கம்பம் கொடுத்தால் வளைவு குறையுமா, அல்லது பெல்ட்டை விட்டுவிட்டுக் கீழே வலைதான் கட்ட வேண்டுமா. அங்கே பெரியவர்களிடம் கேட்டு விவரமாக எழுதுங்கள், நான் எல்லாருக்கும் படித்துக் காட்டுகிறேன். அம்மா கழுத்துவலி இப்போது பரவாயில்லை. எனக்குப் பள்ளிக்கூட யூனிபாரம் தைக்க நிறைய வந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய தைலத்தை அப்பா கட்டுக்கு மேலே முழங்காலில் தடவ விடமாட்டேன் என்கிறார், தனக்கு அதற்குத் தகுதியில்லை என்று நினைக்கிறார் போல.

எழுதியவரைக்கும் இப்போது படித்துக் காட்டினேன். முழுதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் டேப்பைச் சுற்றிக்கொண்டு வந்த இடத்தை மட்டும், அதெ அடிச்சுப்போடு கண்ணு, நீ சின்னப்புள்ள, அது என்ற கணக்குல இருக்கட்டும் என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடம் மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அடியில் என்ன எழுதட்டும், மன்னிச்சுக்கோன்னு எழுதட்டுமா என்று கேட்டேன். அப்படியெல்லாம் எழுதாத, அவன் மனசு சங்கடப்படும், பெல்ட்டு என்னெயப் புடிச்சுட்டுத்தான் இருந்துச்சு, தரைதான் கிட்டக்க இருந்துச்சு, அதெ நாந்தான் பாக்கலைன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன் அண்ணா.

நீங்கள் ஏறும் இடத்திலும் யாராவது மெதுவாக இறக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றால் நம்பாதீர்கள், தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அப்பா, அம்மா இருவரும் மகன் நூறு வயது நல்லபடியாக இருக்கட்டும் என்று வாழ்த்துகிறார்கள். அப்பா தன் கையாலேயே கீழே கையெழுத்துப் போடுகிறார்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆ. பாலுசாமி

அவர் சொல்ல எழுதிய தங்கை,
கோமளா