யுரேனஸ் மறைத்த நட்சத்திரம்

ஜனவரி 6

என் முந்திரிக்கொட்டைத் தம்பிக்கு,

ஏழு வருடம் கழித்து எழுதுகிறேன். ஒரு வேலையாகத்தான் எழுதுகிறேன். நீ திட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டாம் தேதி மாலை ஏழரைக்கு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் போகிறது. முதலில் அதன் வளையங்கள் ஒவ்வொன்றும் கண் சிமிட்டும் நேரத்துக்கு நட்சத்திரத்தை மறைக்கும். பிறகு கோளே மறைக்கும். வெளிச்சம் எப்படி மங்குகிறது என்பதை வைத்து அங்குள்ள காற்று எவ்வளவு குளிர் என்று கணக்கிடுவோம். அதன் பக்கம் இதுவரை ஒரே ஒரு விண்கலம்தான் போயிருக்கிறது. மற்றபடி எங்களுக்கு இப்படி ஒளிந்திருந்து பார்க்கும் பிழைப்புதான்.

எங்கள் வானாய்வகத் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியோ புதுப் பூச்சுக்காகக் கழற்றிக் கிடக்கிறது. உன் மொட்டைமாடித் தொலைநோக்கி போதும். இத்துடன் ஒளி வடிகட்டி ஒன்று வைத்திருக்கிறேன். அதை மாட்டினால் கோள் இருண்டு, நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். ஏழு மணிக்கு வீடியோப் பதிவைத் தொடங்கு. ரேடியோவின் நேர ஒலியும் பதிவாக வேண்டும், மைக்கை அணைத்துவிடாதே.

உன் அக்கா

ஜனவரி 20

மலைமேல் இருக்கும் அக்காவுக்கு,

நானும் என் மனைவியும் நலம். பதிவு இத்துடன். ஏழுக்கு என்றாய், நான் ஆறரைக்கே தொடங்கிவிட்டேன். வளையம் மூன்று முறை மறைத்ததைக் கண்ணால் பார்த்தேன். லிஃப்ட் பழுது பார்ப்பவன் செய்த வேலை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். வேறு விசேஷம் இல்லை. வடிகட்டியைத் திருப்பி அனுப்பவா?

தம்பி

பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

பதிவு அருமையடா! உன் கண்ணுக்கு மூன்று, எங்கள் கணக்கில் ஐந்து வளையங்கள். ஆனால் முதல் அரை மணி நேரம் நட்சத்திரம் சும்மாதான் இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும்தான் சும்மா இல்லை. மைக் ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிட்டாயே, மக்கு!

"உங்க அக்கா எப்படி இருக்காங்களாம்?" என்று உன் மனைவி கேட்கிறாள்.

"அவளுக்கென்ன! அப்பா போனப்ப வர முடியல, ரோடு மூடியிருக்குன்னா. இப்ப ஒரு கோளுக்காக லெட்டர் போட மட்டும் தெரியுது."

என் முகம் சுண்டிப்போயிற்று. அலுவலகத்தில் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்லவேளை, பக்கத்து மேசைக்காரருக்குத் தமிழ் தெரியாது.

பிறகு முதல் வளையம் மறைக்கும்போது கத்துகிறாய்: "ஐயோ, அணைஞ்சு எரியுதுடி! அக்கா பக்கத்துல இருந்திருக்கணும்!"

அதை நான்கு முறை போட்டுக் கேட்டேன். கேட்ட பிறகு மறைக்க மனம் வரவில்லை. அன்றைக்கு ரோடு மூடவில்லை. வண்டியும் வாசலில் நின்றது. அப்பா இல்லாத வீட்டுக்குள் நுழையப் பயந்து, ஓடி ஒளிந்துகொண்டேன். உன்னைத் தனியாக எல்லாவற்றையும் செய்யவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

அக்கா

பிப்ரவரி 8

அக்கா,

ரோடு திறந்திருந்தது எனக்கு அன்றைக்கே தெரியும். உங்கள் மலைக்கு வண்டி ஓட்டுபவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். நீ வராததைக்கூட விடு, என்னிடம் போய்ப் பொய் சொன்னாயே, அதுதான் இத்தனை நாளும் தொண்டையில் முள்ளாக நின்றது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

"சனிக்கிழமையே வரச் சொல்லுங்க" என்கிறாள் உன் தம்பி மனைவி. எனக்கும் அதுதான் ஆசை. பேருந்து நிலையத்துக்கு நான் வருகிறேன். வீட்டுக்குள் நீ தனியாக நுழைய வேண்டாம், சேர்ந்தே போவோம்.

உன் தம்பி